வராதவர் அனுப்பும் பலகாரம்

வெள்ளி மாலை ஏழு மணிக்கு ஒஸ்லோவின் தெற்கே ஹவுகெட்டோ நிலையத்தில் இறங்கினேன். வெளிச்சம் மதுரையின் நாலு மணி, குளிர் மார்கழிக்கும் மேலே. இந்தோனேசியாவின் பொருளாதாரம், அரசியல், சமூகத்தை ஆராயும் திட்டம் ஒன்று இங்குள்ள பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதில் மூன்றாண்டு வேலை கேட்டிருந்தேன். திங்களன்று அவர்கள் முன்னால் பேச வேண்டும். சொதப்பினால் மறுபடி டியூஷன்தான். தங்க இடம் தந்தவர் தோழிக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து யோகா அக்கா.

சனி காலை பேச்சைத் திருத்த உட்கார்ந்தேன். “அதை மூடி வையும். இண்டைக்கு டுக்னாட். தும்புத்தடியைப் பிடியும்” என்று நீளக் கைப்பிடித் துடைப்பத்தை நீட்டினார் அக்கா. குடியிருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து வளாகத்தைச் சுத்தம் செய்யும் நாளாம். ஜாவா கிராமங்களில் இதையேதான் கோத்தோங் ரோயோங் என்பார்கள். என் ஆய்வே அதைப் பற்றித்தான். பார்த்துப் பார்த்து எழுதினேனே தவிர, ஒருநாளும் குனிந்து பெருக்கியதில்லை. பனியில் வழுக்காமலிருக்கத் தூவிய சல்லியை அன்று கூட்டிக் கூட்டி இடுப்பு கழன்றுவிட்டது.

பதினோரு மணிக்குப் பார்த்தால், வாசலில் ஒரு தட்டு நிறைய இலவங்கப்பட்டை பன்.

“இதை யாரு வச்சாங்க அக்கா?”

“மூண்டாம் மாடிக்காரர். வரேல்லை, அதான் அனுப்பியிருக்கிறார்.”

“வரலைன்னு யாரும் கேக்க மாட்டாங்களா?”

“ஒருத்தரும் கேக்கமாட்டினம். ஆனா எல்லாருக்கும் தெரியும்.”

அடடா! ஜாவாவிலும் வேலை நடக்கும் இடத்துக்குத் தட்டு தட்டாகப் பொரித்த வாழைப்பழம் வரும். விருந்தோம்பல் என்று நினைத்து நானும் வெளுத்துக்கட்டியிருக்கிறேன்.

திங்கள், பத்து மணி. பேசி முடித்தேன். கைதட்டல் இல்லை. திட்டத் தலைவியான பேராசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எல்லாரும் மனமுவந்து வருகிறார்கள் என்கிறீர்கள். வராதவர்கள் என்ன செய்வார்கள்?”

சட்டென்று அந்தத் தட்டு கண்ணில் நின்றது. “பலகாரம் அனுப்புவார்கள். ஜாவாவில் பொரித்த வாழைப்பழம், ஹவுகெட்டோவில் பன்.”

அறை சிரிப்பில் அதிர்ந்தது. பேராசிரியையின் முகம் சிவந்துவிட்டது. “சனிக்கிழமை எங்கள் குடியிருப்பின் டுக்னாட்டுக்கு நான் கேக் அனுப்பினேன்” என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

புதன், ஊர் திரும்பும் நாள். நகரத்துக்கு ரயில் டிக்கெட் நாற்பது குரோனருக்கு மேல். அந்தக் காசுக்கு மதுரையில் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம். முணுமுணுத்தபடி நடைமேடையில் நின்றபோது போனில் செய்தி வந்தது. வேலை எனக்குத்தான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வர, வழியனுப்ப வந்திருந்த அக்காவிடம் காட்டினேன்.

கட்டிப்பிடித்துக்கொண்டார். “நல்ல சந்தோசம். அடுத்த முறையும் தும்புத்தடி உமக்குத்தான். பன் அனுப்பித் தப்பலாம் எண்டு மட்டும் நினையாதையும்.”