நடு சீட்டில் வந்தவர்

மாற்றலாகும் அரசு ஊழியர் தன் வீட்டுச் சாமான்களுக்கு லாரி பிடிக்கும்போது, மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கி, குறைந்ததை ஏற்க வேண்டும் என்பது விதி. குறைந்தது ஏன் குறைந்தது என்று விசாரிக்கும்படி எந்த விதியும் சொல்லவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில், சேலத்திலிருந்து என்னைத் திருச்சுழிக்கு மாற்றினார்கள். மனைவியையும் பிள்ளைகளையும் முன்னதாகவே பஸ்ஸில் அனுப்பிவிட்டு லாரி தேடினேன். முதல் இரண்டும் சேலத்து வண்டிகள். மூன்றாவது பரளச்சி வண்டி. மல்லி மூட்டைகளை இறக்கிவிட்டு ஊர் திரும்ப நின்றது. வெறும் வண்டியாகத் திரும்புவதற்குப் பதில் குறைந்த வாடகைக்கு வருகிறார்கள் என்று நானே ஒரு விளக்கம் எழுதிக்கொண்டேன். பதிவுப் புத்தகம், பர்மிட், தகுதிச் சான்று எல்லாம் ஒழுங்கு. டயர்களைக்கூடத் தட்டிப் பார்த்தேன்.

டிரைவருக்கு முப்பது வயதிருக்கும். மொட்டையடித்திருந்தார்; ஏதோ வேண்டுதல் என்று நினைத்தேன். கிளீனர் இல்லை. அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். நான் கதவோரம் உட்கார வேண்டும். நடு சீட்டில் பைகூட வைக்கக் கூடாது.

விடியற்காலையில் புறப்பட்டோம். நடுவில் யாரும் ஏறவில்லை. ஆனால் அங்கே ரெக்சின் உறை, யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் பள்ளமாக அமுங்கியிருந்தது. பழைய ஸ்பிரிங் என்று முடிவு செய்தேன்.

காவிரிப் பாலத்தில் அவர் வேகத்தைக் குறைத்தார். நடு சீட்டைப் பார்த்து, "அண்ணே, காவேரி தாண்டுது. கூடவே வாங்க" என்றார். கரூரில் அமராவதியிலும் அதே வார்த்தைகள். அதற்குமேல் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அந்த லாரியை அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறார்கள். பத்து நாளுக்கு முன், சேலத்தில் லோடு இறக்கிய கையோடு, அண்ணன் நெஞ்சு வலிக்கிறது என்று நடு சீட்டில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தம்பி உடலை வேனில் ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு, லாரியை எடுக்க பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறார்.

"உடம்புதான் சார் ஊருக்குப் போச்சு. அவுக இன்னும் வண்டியிலதான் இருக்காக. பதினாறுக்குள்ள கூட்டியாந்துருன்னு மதினி அழுறாக. ஆத்துக்கு ஆறு கூப்புடணும். இல்லைன்னா கரையிலயே நின்னுருவாக." கியரை மாற்றியபடி, "தனியா ஓட்டப் பயந்துதான் வாடகையைக் கொறச்சுச் சொன்னேன்" என்றார்.

நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன்.

வைகையிலும் கூப்பிட்டார். காரியாபட்டிப் பக்கம் குண்டாற்றுப் பாலத்துக்கு வந்தபோது உச்சிவெயில். கீழே மணலும் சீமைக்கருவேலமும்தான். அவர் "அண்ணே" என்று தொடங்கினார். பயத்தை மறைக்க எனக்கு அதிகாரம் ஒன்றுதான் கைவசம் இருந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லாததை எந்தக் கணக்கில் ஆறு என்கிறீர், பேசாமல் ஓட்டும் என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். கூப்பிடாமலே பாலத்தைக் கடந்தார்.

பாளையம்பட்டி நெருங்கும்போது தற்செயலாக நடு சீட்டைப் பார்த்தேன். பள்ளம் இல்லை. ரெக்சின் சமமாக, விறைப்பாக இருந்தது. நான் சொல்வதற்கு முன்பே, சீட்டுப் பக்கம் திரும்பாமலேயே அவர் பிரேக்கை மிதித்தார்.

"அண்ணன் எறங்கிட்டாக சார்."

வெயில், ஸ்பிரிங், கண்ணின் கோளாறு என்று விளக்கங்களைத் தேடினேன். ஒன்றும் கையெழுத்துப் போடும்படியாக இல்லை. வண்டியைத் திருப்பச் சொன்னது நான்தான்.

குண்டாற்றில் அவர் இறங்கி மூன்று முறை கூப்பிட்டார். காற்று அசையவில்லை. சீட்டும் அசையவில்லை. பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"நான் கூப்புட்டா வரல. ஆறு இல்லைன்னு சொன்னது நீங்கதானே. நீங்க கூப்புடுங்க சார்."

அதுவரை எந்த டிரைவரையும் நான் அண்ணன் என்று அழைத்ததில்லை. வறண்ட மணலைப் பார்த்துச் சொன்னேன்: "அண்ணே, இதுவும் ஆறுதான். தெரியாமச் சொல்லிட்டேன். வாங்க."

ஆளில்லாத வண்டிக்குள் ஸ்பிரிங் முனகியது.

ஏறிப் பார்த்தேன். பள்ளம் இருந்தது. திருச்சுழி வரும்வரை யார்மேலும் பட்டுவிடாதபடி முழங்காலைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாமான்களை இறக்கியதும் அவர் பரளச்சிக்குக் கிளம்பினார். ஜன்னலருகே போய், "பத்திரமாப் போங்க" என்றேன். இருவருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

வீடு சேர்ந்தார்களா என்று கேட்டு ஒரு கார்டு எழுதினேன். பதில் இல்லை. முறைப்படி முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு அனுப்பினேன். பக்கத்து ஊர்தான், நேரில் போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை. அந்த வீட்டார் 'இல்லை, வரவில்லை' என்று சொல்லிவிட்டால், அதற்குக் காரணம் நான் ஒருவன்தான்.

கடைசியில் அந்த மதினியிடமிருந்து பென்சிலில் எழுதிய கார்டு வந்தது. "அவுக அன்னைக்கே வந்துட்டாக. பதினாறு நல்லபடியாக நடந்தது. நீங்கள் கூப்பிட்டதைத் தம்பி சொன்னார்." அவ்வளவுதான்.

ஓய்வு பெறும்வரை எத்தனையோ மனுக்களில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லை எழுதுமுன் ஒரு நிமிடம் பேனாவை நிறுத்தும் பழக்கம் எனக்கு வந்தது, அந்தக் கார்டு வந்த ஐப்பசி மூன்றாம் தேதிதான்.