கேஜன் உணவகத்துக் கமலாக்கா

மலேசியாவின் பினாங்கில், பர்மா சாலையில், பழைய பங்களா ஒன்றில், சில வருடங்கள் ஒரு கேஜன் உணவகம் நடந்தது. கேஜன் என்பது அமெரிக்காவின் தெற்கில், லூசியானா மாநிலத்துச் சதுப்பு நிலத்து மக்களின் சமையல். நண்டு, இறால், வெண்டைக்காய், சோறு, நிறைய மிளகாய். பினாங்கில் அந்தப் பெயரை அதற்கு முன் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஆனாலும் சனிக்கிழமைகளில் மேசை கிடைக்காது. சமையல்தான் காரணம் என்பார் முதலாளி. கமலாக்காதான் காரணம் என்பேன் நான். பணம் வாங்கும் கவுண்டரில் நான் இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் எல்லா மேசையும் தெரியும்.

கமலாக்காவின் முழுப் பெயர் கமலாம்பிகை. வேலைக்கு வந்த முதல் நாள், சட்டையில் குத்திக்கொள்ளும் பெயர் அட்டையில் 'கமி' என்று சுருக்கிப் போடலாமா என்று லூசியானாக்காரரான முதலாளி ப்ரூசார் கேட்டாராம். உங்கள் ஊர்ச் சாப்பாட்டுப் பெயர்களையெல்லாம் நாங்கள் முழுசாகச் சொல்லப் பழகுகிறோம், என் பெயரை நீங்கள் பழகிக்கொள்ளுங்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறார். ஒரு வாரத்தில் ப்ரூசார் பழகிவிட்டார்.

அதற்கு முன் அக்கா துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜென்சியில் தட்டச்சு வேலை பார்த்தவர். ப்ரூசார், பாயான் லெப்பாஸ் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் எஞ்சினியராக இருந்து, ஒப்பந்தம் முடிந்தும் ஊருக்குத் திரும்ப மனமில்லாமல் இங்கேயே கடை போட வந்தவர். அவருடைய இரும்புச் சட்டிகள் கப்பலில் வந்து இறங்கியபோது அவற்றை எடுப்பதற்கான தாள் வேலையைப் பார்த்துக்கொடுத்தது அக்கா. என்ன கடை, யார் சமைப்பார்கள் என்று பேச்சுக்கொடுத்துக்கொண்டே வந்தவர், பரிமாற ஆள் இன்னும் கிடைக்கவில்லை என்று தெரிந்ததும், நான் வரட்டுமா என்று கேட்டுவிட்டார். தட்டு தூக்கிப் பழக்கம் உண்டா என்று ப்ரூசார் கேட்டதற்கு, தட்டச்சும் ஒரு காலத்தில் தெரியாமல்தான் இருந்தது என்றாராம்.

கடையில் பன்றியும் மாடும் வேண்டாம் என்று முதலில் சொன்னவரும் அக்காதான். இந்த ஊரில் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஆறு பேர் சாப்பிட வந்தால் அதில் மலாய்க்காரர் இருப்பார், சீனர் இருப்பார், நம்மவர் இருப்பார். ஒருவர் தொட முடியாததை வைத்தால் ஆறு பேரும் வேறு கடைக்குப் போய்விடுவார்கள் என்றார். ப்ரூசாருக்கு அது வருத்தம். அவர் ஊரில் பன்றித் தொத்திறைச்சி இல்லாமல் குழம்பு இல்லை. நாசி கண்டார் என்னும் சோற்றுக் குழம்புக் கடையிலிருந்து வந்த எங்கள் சமையல்காரர் காஜா மொய்தீன், கோழி இறைச்சியில் மிளகும் பூண்டும் இடித்துப் போட்டு ஒரு தொத்திறைச்சி செய்து காட்டினார். ப்ரூசார் இரண்டாவது துண்டை எடுத்தபோது விஷயம் முடிந்துபோனது.

மேசையில் அக்கா பேசுவதைக் கேட்கவே சிலர் வந்தார்கள். மீனை மசாலாவில் புரட்டி, புகையப் புகைய இரும்புச் சட்டியில் போட்டுக் கருக்கி எடுப்பது அந்த ஊர் முறை. தட்டில் கறுப்பாக வந்து இறங்கியதும் 'ஹாங்குஸ்', தீய்ந்துவிட்டது என்று முகம் சுளிப்பார்கள். அக்கா வாதாட மாட்டார். ஒரு வாய் சாப்பிடுங்கள், அதற்குப் பிறகும் தீய்ந்தது என்று தோன்றினால் நானே எடுத்துக்கொண்டு போகிறேன் என்பார். இரண்டு பேர் அப்படியும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதையும் சிரித்துக்கொண்டே எடுத்துப் போனார்.

இப்படிப்பட்டவருக்கு வீட்டில் ஒரு குறை இருந்தது. அவருடைய அப்பா கதிர்காமநாதன் துறைமுக அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை செய்தவர்கள். மேசைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் யாரும் இல்லை. மகள் வேலை மாறியபோது அவர் சண்டை போடவில்லை. கேட்பதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். ஏஜென்சியில் இருந்தவரை இன்று எந்தக் கப்பல் வந்தது என்று தினமும் கேட்டவர், உணவகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெளியில் யாராவது விசாரித்தால், மகள் ஒரு ஹோட்டலில் ஆபீஸ் மேனேஜர் என்பார். மழை நாட்களில் காரில் கொண்டுவந்து விடுவார். ஆனால் எங்கள் வாசலுக்கு வராமல், அதற்கு முன்னால் உள்ள பெட்ரோல் நிலையத்திலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்.

அப்பா ஒரு தடவை வந்து என் மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அக்கா ஒரு நாள் என்னிடம் சொன்னார். வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை.

தொண்ணூற்று மூன்றில் ஒரு சனிக்கிழமை அது நடந்தது. அக்கா விரும்பிய விதத்தில் நடக்கவில்லை.

அப்புத்துரை என்பவர் கதிர்காமநாதனோடு துறைமுகத்தில் வேலை பார்த்த பழைய நண்பர். அக்கா குழந்தையாக இருந்தபோதே கோலாலம்பூருக்கு மாற்றலாகிப் போனவர்; அக்காவை வீட்டுச் செல்லப் பெயரில் மட்டும் அறிந்தவர். மகனைப் பார்க்க மனைவி தவமணியோடு பினாங்கு வந்திருந்தார். பர்மா சாலையில் அமெரிக்கச் சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கிறதாம், மகன் சொன்னான், அங்கேதான் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றுவிட்டார். கதிர்காமநாதன் வேறு நாலு கடைகளின் பெயரைச் சொல்லிப் பார்த்தும் பலிக்கவில்லை.

அன்று காலை அவர் மகளிடம் லீவு போடச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை லீவு கிடையாது என்றார் அக்கா. அப்படியானால் அந்த மேசைக்கு வேறு யாரையாவது அனுப்பு என்றார் அப்பா. அதற்கு அக்கா சொன்ன பதிலை, மாலையில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டே எனக்கு அப்படியே சொன்னார்.

"நான்தான் வருவன் அப்பா. நீங்கள் என்னைத் தெரியாத ஆள் மாதிரி இருந்தால் நானும் அப்பிடியே இருப்பன். காட்டிக் குடுக்க மாட்டன். ஆனா கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டன். மிச்சம் உங்கட விருப்பம்."

அக்காவின் அம்மா, தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே நின்றுவிட்டாராம். அந்த நாடகத்தில் உட்கார அவருக்கு மனமில்லை என்று எனக்குத் தோன்றியது.

ஏழு மணிக்கு மூவரும் வந்தார்கள். காலியாக இருந்தது என் கவுண்டரை ஒட்டிய மேசை ஒன்றுதான். கதிர்காமநாதன் வெள்ளை முழுக்கைச் சட்டையில், சுவரைப் பார்த்த நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

பரிமாறுபவர் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது ப்ரூசார் வைத்த வழக்கம். அக்கா நிமிர்ந்து நின்று, வணக்கம் சொல்லி, என் பெயர் கமலாம்பிகை, இன்றைக்கு உங்கள் மேசை என்னுடையது என்றார். தவமணி அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

"எங்கட பிள்ளை! ஊர் எது, பிள்ளை?"

யாழ்ப்பாணத்துக்காரர்கள் இருவர் சந்தித்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பிறந்து வளர்ந்தது மலேசியாவாக இருந்தாலும் அப்பாவின் ஊரைச் சொல்லியாக வேண்டும்.

"கரவெட்டி, அன்ரி."

"கதிர்காமண்ணை, உங்கட ஊர்ப் பிள்ளையல்லோ! கரவெட்டியில ஆர் வீடு? ஆரின்ட மகள்?"

அக்கா அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. முதலில் பசிக்கு ஏதாவது வரட்டும் அன்ரி, ஊர்க்கதை எங்கேயும் போகாது என்றார். தவமணி விடாமல் கதிர்காமநாதனைப் பிடித்தார். கரவெட்டியில் உள்ள எல்லோரையும் எனக்குத் தெரியுமா என்று அவர் மெனு அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த அட்டையை அவர் தலைகீழாகப் பிடித்திருக்கவில்லையே தவிர, படிக்கவில்லை என்பது தெரிந்தது.

அக்கா சமையலறை வாசலுக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். காஜா மொய்தீன் என்ன என்று கேட்க, ஒன்றுமில்லை அண்ணே, மூன்று கம்போ, சூடாக என்றார். திரும்பி வந்தபோது நடையில் ஒரு மாற்றமும் இல்லை.

கம்போ என்பது மாவை எண்ணெயில் கருப்பட்டி நிறம் வரும்வரை வறுத்து, அதில் நண்டும் இறாலும் வெண்டைக்காயும் போட்டுக் கொதிக்க வைக்கும் குழம்பு. அப்புத்துரை ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணை மூடினார். பிறகு கரண்டியை மேசையில் தட்டினார்.

"இது கூழ்! கதிர்காமர், எங்கட கூழை வெள்ளைக்காரன் களவெடுத்திட்டான்."

யாழ்ப்பாணத்துக் கூழும் நண்டும் மீனும் போட்டுக் காய்ச்சுவதுதான். ஆனால் பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா இல்லாமல் என்ன கூழ் என்றார் தவமணி. பலாக்கொட்டை இல்லை, புளி போதாது, வெண்டைக்காயை யார் கூழில் போடுவார்கள் என்று கணவனும் மனைவியும் குறைகளை அடுக்கியபடியே கிண்ணத்தைக் காலி செய்தார்கள். கதிர்காமநாதனின் கிண்ணம்தான் முதலில் காலியானது. அக்கா கேட்காமலே இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினார். அவர் கையால் மறைத்துத் தடுக்கவில்லை.

அடுத்து நண்டு. சோளத்தோடும் உருளைக்கிழங்கோடும் அவித்து, தட்டில்லாமல், மேசைமேல் விரித்த வெள்ளைக் காகிதத்தில் அப்படியே கொட்டுவது அந்த ஊர் வழக்கம். அப்புத்துரை சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு முட்கரண்டி கேட்டார். நண்டை முட்கரண்டியால் சாப்பிட்டால் நண்டுக்கே சிரிப்பு வரும் என்றார் அக்கா. அதற்குப் பிறகு அப்புத்துரை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

கதிர்காமநாதனுக்கு வலது கை விரல்களில் மூட்டுவலி. நண்டின் பெரிய காலை எடுத்து அழுத்திப் பார்த்தார். அது வழுக்கிக் காகிதத்தில் விழுந்தது. அக்கா பக்கத்தில் வந்து, குறடால் ஓட்டை உடைத்து, சதையை முழுசாக எடுத்து அவர் முன்னால் வைத்தார். இன்னொன்றையும் உடைத்து வைத்தார். பிறகு அடுத்த மேசைக்காரர்கள் கூப்பிட, அங்கே போய்விட்டார்.

அவர் போனதும் அப்புத்துரை நண்பரின் பக்கம் சாய்ந்தார். மனதில் களங்கமில்லாமல்தான் பேசினார். அதனால்தான் குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"நல்ல பிள்ளை, பாவம். எங்கட ஆக்களின்ட பிள்ளை. வீட்டில என்ன கஷ்டமோ, வந்து தட்டுத் தூக்குது. கதிர்காமர், உம்மட மகள் ஹோட்டலில மேனேஜரல்லோ? அவவிட்டச் சொல்லி இந்தப் பிள்ளைக்கு ஒரு ஆபீஸ் வேலை எடுத்துக் குடுமன். புண்ணியமாப் போகும்."

நான் ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தேன். கதிர்காமநாதன் எதிரே இருந்த நண்டுச் சதையைப் பார்த்தபடி இருந்தார். ஆகட்டும், சொல்லிப் பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாப்பிட்டு எழுந்து போய்விடலாம், கோலாலம்பூர்க்காரர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த வார்த்தை வரும் என்றுதான் நானும் நினைத்தேன்.

அவர் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"அவவுக்கு ஆபீஸ் வேலை இருந்தது, அப்புத்துரை. வேண்டாமெண்டு விட்டிட்டு இதுக்கு வந்தவ. ஒரு கஷ்டமும் இல்லை. அவதான் என்ர மகள்."

அப்புத்துரையின் கையில் இருந்த சோளம் அப்படியே நின்றது. முதலில் சிரித்தது தவமணி அம்மாதான். ஊர் கேட்டபோது மெனு அட்டைக்குள் ஒளிந்துகொண்ட மனிதரைப் பார்த்தீர்களா என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புத்துரைக்குக் கோபமா வெட்கமா என்று அவருக்கே தெரியவில்லை. மேனேஜர் என்று ஏன் சொன்னீர் என்று இரண்டு தடவை கேட்டார்.

"பிழைதான்," என்றார் கதிர்காமநாதன். "நீர் அவவைப் பாவம் எண்டு சொல்லேக்கதான் தெரிஞ்சது. அவவைப் பாத்தா பாவமாவோ இருக்கு?"

அக்கா அடுத்த மேசையிலிருந்து திரும்பி வந்தபோது மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். அப்பா சொல்லிவிட்டார் என்று அவருக்குப் புரிந்தது. அக்காவின் முகம் ஒரு கணம் இளகியது. உடனே, கருக்கிய மீன் கொண்டுவரட்டுமா, இல்லை நண்டே போதுமா என்று கேட்டார். அப்புத்துரை அங்கிள் எழுந்து நின்று ஏதோ மன்னிப்புப் போல ஆரம்பிக்க, கையெல்லாம் மசாலா அங்கிள், உட்காருங்கோ, சட்டையில் பட்டுவிடும் என்று தடுத்துவிட்டார்.

மீனும் வந்தது. அதன் பிறகு அந்த மேசையில் கதிர்காமநாதன்தான் அதிகம் பேசினார். மகளைக் கூப்பிட்டு இது என்ன மீன் என்றார். சியாக்காப் என்கிற கொடுவா மீனா, எங்கே வாங்குகிறீர்கள், எத்தனை மணிக்குச் சமைக்கத் தொடங்குவீர்கள், இவ்வளவு மேசையையும் யார் யார் பார்க்கிறீர்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். மூன்று வருடமாகக் கேட்காத கேள்விகள். அக்கா தட்டுகளை எடுத்தபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். நடுவில் வேறு மேசையிலிருந்து கை உயர்ந்தால், கொஞ்சம் பொறுங்கோ அப்பா என்று போய்விட்டு வந்தார். அவரும் பொறுத்திருந்தார்.

கிளம்பும்போது அப்புத்துரையும் மனைவியும் வாசலுக்குப் போய்விட, கதிர்காமநாதன் மட்டும் என் கவுண்டர் அருகே நின்று அக்காவைக் கூப்பிட்டார்.

"வாற சனி அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாறன். ஒரு மேசை வை."

"சனி எல்லா மேசையும் பதிஞ்சாச்சு அப்பா. வெள்ளி வாங்கோவன்."

"வெள்ளி நாங்கள் மரக்கறி எல்லோ? மீன் தொடமாட்டம்."

"அப்ப வியாழன். ஏழு மணி."

அவர் சம்மதித்தார். ஆனாலும் போகவில்லை. மகள் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தபடி, வியாழக்கிழமை நீயும் எங்களோடு இருந்து சாப்பிடு, ஒரு நாளைக்கு வேறு பிள்ளை பரிமாறட்டும் என்றார்.

"வியாழன் எனக்கு வேலை, அப்பா. இருந்து சாப்பிடுறது வீட்டில. இங்க நான்தான் போடுவன்."

கதிர்காமநாதன் தலையசைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, வியாழன், ஏழு மணி, இரண்டு பேர், கமலாம்பிகையின் மேசை என்று சொன்னார்.