தெர்மாகோல் பள்ளத்தாக்குக்குப் பதினைந்து பேர்

கண்காட்சியில் மாடலுக்குப் பக்கத்தில் குச்சியோடு நிற்கிறவன், கால் நனையாமல் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை ஆற்றைக் கடந்தாக வேண்டும். அப்படி நின்று தொண்டை கட்டிப்போன சகாக்களே, உங்களுக்குத்தான் இது.

எங்கள் பள்ளி தல்லாகுளத்தில் இருக்கிறது. பிளஸ் ஒன் புவியியல் குரூப்புக்குச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதினைந்து பேர் சேராவிட்டால் குரூப்பையே மூடிவிடுவோம் என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார். மூடினால் புவியியல் நடத்துகிற வசந்தா மிஸ்ஸுக்கு வெளியூர் மாறுதல். மிஸ் புலம்பவில்லை, சேர்க்கைக்கு வருகிறவர்கள் பார்க்கக் கண்காட்சி வைக்கலாம் என்று தெர்மாகோல் வாங்கிவரச் சொன்னார். அமெரிக்கப் பாலைவனத்தைக் கொலராடோ ஆறு அறுத்துப் போட்ட பள்ளத்தாக்கு, அதில் ஆற்றைக் கடக்கிற ஒரு துறை, அங்கே ஒரு படகு, தள்ளி ஒரு பாலம்: இதுதான் மாடல். மீன்தொட்டி மோட்டார் வைத்துத் தண்ணீரும் ஓடவிட்டோம். பிளஸ் டூ போகிற நான்தான் விளக்கம் சொல்கிறவன். சொந்தக் குரலில் எனக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச வராது, மிமிக்ரிதான் வரும் என்பது பள்ளிக்கே தெரியும்.

எழுமலைக்காரர் கணக்கு

முதல் நாள், மகனைச் சேர்க்க எழுமலையிலிருந்து வந்த ஒரு விவசாயி மாடல் பக்கம் ஒதுங்கினார். நான் டி.வி. செய்தி வாசிக்கிறவர் குரலை எடுத்தேன். "மேட்டில் நின்றால் ஆறு தெரியும். ஆனால் இரு பக்கமும் சுவர் போலப் பாறை. இறங்க வழியில்லை."

"கண்ணுக்குத் தெரியிற தண்ணிய ஒரு கை மோந்து குடிக்க முடியாதா?" என்றார். முடியாதுங்கய்யா என்றேன். குனிந்து பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்புட்டு ஆழத்துல ஓடுனா அது ஆறு இல்ல தம்பி, போர்வெல்லு."

சாமி எந்தப் பக்கம்?

"இரு கரைகளும் சாய்வாக அமைந்த ஒரே இடம்" என்று புத்தகத் தமிழில் சொன்னது என் தப்பு. ஏழெட்டுப் பேர் ஒன்றாகக் கொட்டாவி விட்டார்கள். அழகர்கோவிலிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா மட்டும் துறையைத் தொட்டுப் பார்த்தார். "ஏந் தம்பி, ஆத்துல எறங்கத் தோதான எடம் இது ஒண்ணுதானா? அப்ப சாமி இங்கனதான் எறங்கும்?"

எனக்கே அப்போதுதான் உறைத்தது. "ஆமாக்கா, சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆத்துல எறங்குறாருல்ல, அந்த மாதிரி எடம். பல நூறு மைலுக்கு வேற வழி கிடையாது. அதான் பழங்குடி சனங்க, குதிரை வண்டிக்காரங்க எல்லாரும் இங்க வந்துதான் கடந்திருக்காங்க. ஆனா சாமி எறங்குறது மட்டும் இல்ல" என்றேன். கொட்டாவி நின்றது. அக்கா உச்சுக் கொட்டினார்: "எம்புட்டு வாகான எடம், எறங்கச் சாமி இல்லையே!"

படியில் தொங்காதே

படகு வந்ததும் நான் டவுன் பஸ் கண்டக்டர் ஆகிவிடுவேன். "எதிர்க்கரை, எதிர்க்கரை! குதிரையெல்லாம் உள்ள போ! சக்கரத்துக்குக் கல்லு வையி!" வியாழக்கிழமை பார்த்தால், காக்கிச் சட்டையில் நிஜக் கண்டக்டர் ஒருவர் கைகட்டி நிற்கிறார். விடவில்லை நான். பாலம் பாதி கட்டும்போதே படகு மூழ்கியதையும், எதிர்க்கரைக்குப் போக ஊர் ஊராகப் பல நூறு மைல் சுற்ற வேண்டி வந்ததையும் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாலம் கட்டுறேன்னு சொல்லி ஊரச் சுத்த விடுறது அங்கயும் உண்டாடா மாப்ள!"

ஹெச்.எம். பேசுகிறார்

வெள்ளிக்கிழமை வரை பதினோரு பெயர்தான். மைக் சும்மா கிடந்தது. ஹெச்.எம்.மின் இருமலோடு ஆரம்பித்தேன். "மாணவச் செல்வங்களே, ஆகவே, ஆகவே, புவியியலில் உடனடியாகச் சேரவும்!" மூன்று பேர் ஓடிவந்து பெயர் எழுதினார்கள். திரும்பினால், டீ டம்ளரோடு ஹெச்.எம்.

"பயந்து எழுதுன பேரு செல்லாது. நீயே அடி" என்றார். அடித்தேன். மிஸ் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அந்த மூவரில் இரண்டு பேர், "பரவால்லண்ணே, படகு நல்லாருந்துச்சு" என்று திரும்ப எழுதினார்கள். பதின்மூன்று. ஹெச்.எம். காலி டம்ளரை என் கையில் கொடுத்தார்: "ஆகவே, ஆகவே, இருமல மட்டும் கொஞ்சம் கொறச்சுக்க."

லாரிக்காரர் கேள்வி

சனி மதியம் பதினான்காவது ஆள் சேர்ந்தான். நாலு மணிக்கு லாரி ஓட்டும் ஒருவர், மகளோடு கம்ப்யூட்டர் குரூப் விண்ணப்பத்தைப் பிடித்தபடி வந்தார். அந்தப் பெண் மூன்று நாளாக வந்து மாடலையே பார்த்துக்கொண்டு நின்றவள். "இதப் படிச்சு மேப்பா விக்கப் போற?" என்றார். அவள் மாடல் பக்கம் நகர்ந்தாள். அவரும் வண்டி ஓட்டுகிறவர் கண்ணோடு மாடலைச் சுற்றி வந்தார். "ஆமா, துறை இங்கன இருக்கு. பாலத்த ஏன் அம்புட்டுத் தள்ளிக் கட்டுனாக?"

எனக்கு விடை தெரியவில்லை. எந்தக் குரலிலும் தெரியவில்லை. அவள் என் கையிலிருந்த குச்சியை வாங்கினாள். "படகுன்னா கரை வரைக்கும் எறங்கணும்ப்பா, அதுக்குச் சரிவு வேணும். பாலத்துக்கு எறங்கவே வேணாம். ரெண்டு பாறையும் நெருங்கி நிக்கிற எடம் போதும்."

அவர் பாலத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மிஸ்ஸிடம் கையை நீட்டினார்: "தெனம் பாலந்தேன் தாண்டுறேன், இது எனக்குத் தோணலையே, அந்தப் பேனாவக் குடுங்க டீச்சர்."

ஊரிலுள்ள அத்தனை பேர் குரலிலும் ஒரு வாரம் கத்தித் தீர்த்தவன் நான், குரூப் பிழைத்ததென்னவோ நான் வாயை மூடியிருந்த அந்த ஒரு நிமிடத்தில்தான்.