மாதிரிக்கு உட்கார்ந்த கால்

இன்று அம்மாவுக்கு மூட்டுவலி மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டர், மூட்டு, முதுகு வலியைச் சோதிப்பதை மற்றவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

“மாதிரிக்கு நோயில்லாத ஆள் வேணும்,” என்றார் டாக்டர்.

நர்ஸ் அக்கா என்னை உட்கார வைத்தார். “கூச்சப்படாத ஆத்தா, சும்மா தட்டிப் பார்ப்பாக.”

“நல்ல கால்னா தட்டினதும் தானா உதறும், பாருங்க,” என்று டாக்டர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினார்.

உதறவில்லை. மறுகாலும் உதறவில்லை.

“பிள்ளைக்குக் காலும் கூச்சப்படுது சார்!” என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. “செருப்பு நழுவுறது தெரியாமப் போகுதாம்மா?”

வேலைக்குப் போகும் திராட்சைத் தோட்டத்தில் இரண்டு முறை அப்படித்தான் செருப்பைத் தொலைத்தேன். தலையாட்டினேன்.

நாளைக்கே தேனிக்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பிறகு இங்கிலீஷில் ஏதோ சொல்ல, எல்லோரும் குறிப்பெடுத்தார்கள்.

வகுப்பில் சந்தேகம் கேட்காத பழக்கம், படிப்பை நிறுத்தியும் என்னை விடவில்லை. நீங்களாவது ‘எனக்கு என்ன?’ என்று கேட்டிருப்பீர்களா?