நானியாங்வே தீனி போடுவதை நிறுத்தினார்

எம்புலுங்கு ஊரின் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் மீன் ஆராய்ச்சிக் குழுவில் நானியாங்வே அக்கா அளவுக்குச் சத்தமாகச் சிரிக்கிறவர் யாரும் கிடையாது. அந்த அக்கா ஒரு மாதம் முழுக்கச் சிரித்துக்கொண்டே ஒருவரைப் பழிவாங்கினார். பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் நான். எழுதும்போது இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது!

மீனின் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைத்தான் நாங்கள் ஆராய்கிறோம். எங்கள் ஏரியில் நத்தைக்கூட்டுக்குள் குடியிருக்கும் ஒரு குட்டி மீன் உண்டு. வெளிச்சமே நுழையாத இருட்டறையில் வைத்தாலும் விடியும் நேரத்துக்கு அது கூட்டைவிட்டு வெளியே வந்துவிடும். இதைக் கண்டுபிடித்தது அக்கா. அவருடைய முனைவர் பட்டமே இதை நம்பித்தான் இருந்தது. ஆனால் இருட்டறை மீனுக்குத் தினமும் ஒரே நேரத்தில் தீனி போடக்கூடாது. போட்டால் அந்த நேரத்தைப் பழகிக்கொள்ளும். அப்புறம் அது கடிகாரத்தால் எழுகிறதா, சோற்றுக்காக எழுகிறதா என்று சொல்லவே முடியாது. அதனால் பால்பவுடர் டப்பாவில் நேரச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, எது வருகிறதோ அந்த நேரத்துக்குத் தீனி போடப் போவோம். தேவாலயத்தில் பாட்டின் நடுவிலிருந்து அக்கா எழுந்து ஓடியிருக்கிறார். தங்கை கல்யாணத்தில் கேக் வெட்டும்போதும் ஓடினார்.

எங்கள் குழுவில் மூத்தவர் சிம்புங்வே. மரபணு ஆய்வுக்காரர், மீன் தொட்டிப் பக்கம் வந்ததே இல்லை. தலைநகர் லுசாகாவில் நடந்த மாநாட்டில் அவர் மேடையேறி, அக்காவின் கண்டுபிடிப்பைத் தன் பெயரில் பேசினார். கடைசிப் படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில், ‘மீனுக்குத் தீனி போட்டு உதவிய நானியாங்வேக்கு நன்றி’. அக்காவின் கை என் முழங்கையை இறுக்கியது. நகம் பதிந்துவிட்டது.

ஊர் திரும்பியதும் அக்கா சிம்புங்வேயிடமே போய் நின்றார்.

“நான் தீனி போட்டவதானே அண்ணே? இனிமே போடல.”

“கோவிச்சுக்காத தங்கச்சி. அடுத்ததுல பாத்துக்கலாம்.”

“எனக்கென்ன கோவம்? மீனும் உங்க பேர்லயே இருக்கட்டும்.”

அந்தப் பேச்சைக் கட்டுரையாகக் கேட்ட ஆய்விதழ், புது மீன்களை வைத்து இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னது. சிம்புங்வே தானே தீனி போடத் தொடங்கினார். டப்பாவைப் பார்த்து அவருக்கு ஒரே சிரிப்பு.

“இது நீங்க ஆளாளுக்கு வேலைய பங்கு போட்டுக்கிற குலுக்கல்தானே? நான் ஒத்தை ஆளு, எனக்கெதுக்கு?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயைத் திறப்பதற்குள் அக்கா மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

“ஆமா அண்ணே, உங்களுக்குத் தேவையே இல்ல.”

சிம்புங்வே தினமும் பகல் சாப்பாட்டுக்குக் கிளம்புகிற வழியில் தீனி போட்டார். நாங்கள் எதிர்க்கடையில் உட்கார்ந்து ன்ஷிமா என்கிற சோளமாவுக் களியை உருட்டிக் கபெந்தா பொடிமீன் குழம்பில் தொட்டுத் தின்றுகொண்டே பார்ப்போம்.

“அக்கா, பாவம், சொல்லிரலாமா?”

“சொன்னேன்னா உன்ன ஏரில தள்ளிருவேன். குழம்பு ஊத்து.”

அந்த மாதம் அக்கா அவ்வளவு நன்றாகச் சாப்பிட்டார்.

இருட்டறைக் கேமரா எடுத்த படங்கள் வந்தன. மத்தியானத்துக்குச் சற்று முன் மீன்கள் எல்லாம் மொத்தமாக வெளியே வந்து தண்ணீரின் மேல்மட்டத்தில் காத்திருந்தன. சிம்புங்வே துள்ளினார். புதிதாக ஒரு பகல் கடிகாரத்தைக் கண்டுபிடித்துவிட்டாராம்! கட்டுரைக்கு அக்கா எடுத்த பழைய படங்களும் தேவைப்பட்டதால் அக்காவிடம் இறங்கி வந்தார்.

“கட்டுரையில உன் பேரையே முதல்ல போட்டுர்றேன் தங்கச்சி. சரியா?”

அக்கா அவ்வளவு ஆசைப்பட்டது அதற்குத்தான்.

“வேணாம் அண்ணே. படத்த எடுத்துக்கோங்க. முழுசும் உங்க பேர்லயே வரட்டும்.”

“எவ்ளோ பெரிய மனசு உனக்கு!” என்றார் அவர்.

குழுக் கூட்டத்தில் அவர் பேசி முடித்ததும், தலைவி கசோண்டே மேடம் கேட்டார், “தீனி எப்பப்ப போட்டீங்க?”

“தினம் சாப்பாட்டுக்கு முன்னாடி மேடம். ஒருநாள்கூட தவறல, நானே என் கையால!”

பின்வரிசையில் ஒருவர் குபீரென்று சிரித்தார். அப்புறம் கூடமே சிரித்தது.

“மீன் உங்களுக்காகக் காத்துட்டிருந்திருக்கு சிம்புங்வே” என்றார் மேடம். “கட்டுரைய திரும்ப வாங்குங்க. அதுல வெச்ச பழைய படத்தையும் சேத்து.”

மேடம் அக்கா பக்கம் திரும்பினார். “உனக்குத் தெரியும்ல?”

“முதல் நாளே தெரியும்.”

மேடத்தின் முகம் மாறியது. “அப்ப ஒரு மாசம் மீன சும்மா இருட்டுல போட்டு வெச்சிருந்தியா? உன் பழைய படத்தையும் இனி யாரும் நம்ப மாட்டாங்க, உன்னோடதும் சேந்து போச்சு நானியாங்வே. மறுபடி முதல்லேருந்து நீயே செய். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும்.”

“தள்ளட்டும் மேடம்.”

வெளியே வந்ததும் நான் அழுதுவிட்டேன். ஒரு வருஷம்! அக்கா படகுக்காரரைக் கூப்பிட்டு, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, புது மீன் பிடிக்கப் படகில் ஏறினார்.

“அவன் மூஞ்சி போன போக்கப் பாத்தியா?” என்று படகிலிருந்து கத்தினார். “ரெண்டு வருஷம்னாலும் குடுத்திருப்பேன்டி!”