அக்கா தொடங்கிய டிரைவிங் ஸ்கூல்

திருச்செங்கோட்டில் பெண்களுக்கென்றே ஒரு டிரைவிங் ஸ்கூல் தொடங்கப் போவதாக அக்கா சொன்னபோது எங்கள் பெரியப்பா சிரித்துவிட்டார்.

"தெருவுக்குத் தெரு லாரியும் போர் போடற ரிக் வண்டியும் நிக்கிற ஊரு. இங்க டிரைவருக்கா பஞ்சம்?"

"டிரைவருங்க இருக்கறாங்க பெரியப்பா. ஊட்டுல ஒரு அவசரம்னா அவங்க எப்ப வருவாங்கன்னு நாங்க வாசலப் பாத்துட்டு நிக்கறமுங்களே" என்றாள் அக்கா.

அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவள் கணவர், லாரி ஓட்டும் மாமாதான். அவர் வாங்கித் தந்த பழைய காரில் 'எல்' போர்டை மாட்டிக்கொண்டு, தறியில் நின்றிருந்த என்னை முதல் மாணவியாக இழுத்துப் போனாள். நான் கிளட்சை விட்ட வேகத்தில் கார் துள்ளித் துள்ளி நின்றுபோனது. "நிக்கட்டும் உடு. இன்னொருக்கா எடு அம்மணி" என்றாள். எத்தனை முறை நின்றாலும் அதே குரல்தான். பிறகு ஒரு நர்ஸ் வந்தார், டீச்சர்கள் வந்தார்கள், ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அம்மா தன் இரண்டு மருமகள்களையும் கூட்டி வந்தார்.

திருச்செங்கோட்டுக்கு வெளியே இருக்கும் எங்கள் ஊருக்குள் பஸ் வராது. சோளக்காட்டுக்கு நடுவே நடந்துதான் மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும். திரும்பி வர இருட்டிவிடும் என்பதற்காகவே பன்னிரண்டாவதோடு நின்று தறிக்குப் போன பெண்கள் எங்கள் ஊரில் அதிகம். நானும் அப்படி நின்றவள்தான். அதனால் அக்கா ஒரு பழைய வேனை வாங்கி நிறுத்தி, "காலேஜுக்குப் புள்ளைங்களக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டதும், யோசிக்காமல் சரி என்றேன்.

முதல் நாள் ஒரு பெண்ணோடு அவள் அப்பாவும் வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டார். தறி ஓட்டுபவர். "நானும் வாரேனுங்க" என்று மட்டும் சொன்னார். ரோட்டைப் பார்க்கவில்லை, வழி முழுக்க என் கையையும் காலையும்தான் பார்த்துக்கொண்டு வந்தார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். எனக்குக் கோபம் வரவில்லை. ஏறி உட்கார்ந்து பார்க்கவாவது செய்கிறாரே என்றிருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒரு வளைவில், பஸ்ஸை முந்திக்கொண்டு ஒரு லாரி எங்களுக்கு நேராக வந்தது. வேகத்தைக் குறைத்து வேனை மண்ணில் இறக்கினேன். லாரி உரசாமல் போனது. மறுபடி ரோட்டில் ஏறினேன். பின்னால் பெண்களின் அரட்டை நிற்கவே இல்லை. அவர்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் அவர் ஏறவில்லை. மகளை உட்காரவைத்து, கதவைத் தானே சாத்தினார். "நீங்க கூட்டிட்டுப் போங்க. நான் வேலைக்குப் போறேன்" என்றார்.

சில நாளில் அவர் மனைவி அக்காவின் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "எங்க ஊட்டுக்காரருதான் போய்க் கத்துக்கச் சொன்னாருங்க. எனக்கு வருமுங்களா?"

வந்தது. எங்கள் ஊரிலிருந்து படிக்கப் போகும் பெண்களுக்கு ஒரு வேன் போதாமல் போனதும் இரண்டாவது வேனை அந்த அம்மாதான் ஓட்டினார். படிப்பை விட்டு நின்றுபோன ஒரு பெண்ணின் வீட்டுக்கு இரண்டு முறை போய்ப் பேசி, அவளைத் தன் வேனிலேயே கூட்டி வந்தவரும் அவர்தான்.

போன வருடப் பட்டமளிப்பு விழாவன்று நான் காலேஜ் வாசலுக்கு வெளியே வேனை நிறுத்திக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் தன் வேனில் வந்து இறங்கிய அந்த அம்மாவை வாட்ச்மேன் மறித்தார். "டிரைவருங்க எல்லாம் வெளியவே இருங்கம்மா. அப்பா அம்மாவ மட்டுந்தான் உள்ள உடறோம்."

சாவியைக் கையில் பிடித்தபடி அவர் நிமிர்ந்து சொன்னார்: "டிரைவருந்தானுங்க. உள்ள பட்டம் வாங்குற புள்ளைக்கு அம்மாவும் நாந்தானுங்க."

வாட்ச்மேன் கேட்டை முழுதாகத் திறந்துவிட்டார். என் வேனில் வந்து பக்கத்தில் நின்றிருந்த அக்கா அழுதே விட்டாள்.