திங்கட்கிழமை ஜன்னல்

கோட்டை வாசலில் பை வைக்கும் அறை ஒன்று உண்டு. உள்ளே போகிறவர்கள் பெரிய பை, குடை, தலைக்கவசம் எதையும் கொண்டுபோகக் கூடாது. எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு ஒரு பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தவளை ஊரே டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிட்டது. அவளுடைய புருஷனே சில சமயம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அவளுக்கு முகம் மறந்துபோகும், பை மறக்காது. எந்தப் பையில் ஈரத்துணி இருக்கிறது, எதில் பழம் நசுங்கிக்கொண்டிருக்கிறது, எதை அவசரத்தில் அடைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தூக்கிய மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஒரு பை மாறியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

புருஷன் வேன்காரர். கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் கொஞ்சம் பேர் கூட்டத்தைக் கண்டு மூச்சு முட்டி, வேறு எங்காவது போகலாமா என்பார்கள். அவர்களுக்காகவே ஒரு முதலாளி, அதிகம் பேர் அறியாத இடங்களுக்கு ஒரு நாள் சுற்றுலா என்று போர்டு மாட்டி, இருபத்திரண்டு சீட் வேன் ஒன்றை விட்டிருந்தார். மலைமேல் இடிந்த காவல் கோபுரம், அணைத் தண்ணீரில் பாதி முங்கிய பழைய பாலம், யாரோ ஒரு ராணிக்குக் கட்டிய குளியல் மண்டபம். காலை ஏழுக்குக் கிளம்பினால் சாயந்திரம் ஆறுக்குத் திரும்பிவிடும். பத்தொன்பது வருஷம் அந்த வேனை ஓட்டியவர் இவர்.

ஊர் சுற்றுகிறவர்களை நம்பிப் பிழைக்கிற குடும்பத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஊருக்கெல்லாம் லீவு என்றால் இவர்களுக்கு வேலை. கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து எங்கேயாவது போகலாம் என்று பேசினார்கள். அந்த ஞாயிறு வரவேயில்லை. மகள் பிறந்து, படித்து, கட்டிக்கொண்டு வேறு ஊருக்கே போய்விட்டாள். ஞாயிறு மட்டும் வரவில்லை.

திங்கட்கிழமை கோட்டைக்கு விடுமுறை. அன்றைக்கு வேனும் போகாது. முதலாளியின் ஷெட்டில் நிறுத்தி, வேன்காரர் அதைக் கழுவிக்கொண்டிருப்பார். பதினொரு மணிக்கு டோக்கன் அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு வருவாள். வந்தவள் நேரே வேனில் ஏறி மூன்றாவது வரிசை ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொள்வாள். அவர் வெளியே நின்று வாளித் தண்ணீரை ஊற்றித் தேய்ப்பார். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு, “ம், இந்த வாரம் எங்க போனீங்க? சொல்லுங்க” என்பாள்.

அவர் ஆரம்பிப்பார். கோபுரத்துக்கு நூற்றி இருபது படி. உச்சியில் நின்றால் காற்று ஆளையே தூக்கும், தூரத்தில் கோடு போட்ட மாதிரி கடல் தெரியும். பாலத்தில் நின்று கை தட்டினால் ஏழு தடவை எதிரொலி வரும், எட்டாவது வருவதற்குள் நமக்கே பயமாகிவிடும். குளியல் மண்டபத்தின் கூரையில் ஓட்டை ஓட்டையாக நட்சத்திரம் வெட்டியிருக்கிறார்கள், நடுப்பகலில் போனால் தரையெல்லாம் நட்சத்திரம். அவள் வாயைப் பிளந்து கேட்பாள். நடுவில், “நீங்க கை தட்டினப்ப எத்தனை தடவை கேட்டுச்சு?” என்று குறுக்குக் கேள்வி போடுவாள். “ஏழுதான். எண்ணினேன்ல?” என்பார் கொஞ்சமும் தயங்காமல். ஷெட்டை விட்டு ஓர் அங்குலம் நகராத அந்த வேனில் அவள் பத்தொன்பது வருஷம் ஊர் சுற்றினாள்.

“ரிட்டயர் ஆனதும் ரெண்டு பேரும் டிக்கெட் எடுத்து இதே வேன்ல போறோம். இதே சீட்டு. நான் ஓட்ட மாட்டேன், உன் பக்கத்துல உக்காந்து வருவேன்” என்று அவர் சொல்வார்.

அவர் ஓய்வு பெற்றது போன வருஷம். அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. அந்த ஒரு வருஷம் அவருடைய முதுகு காத்திருக்கவில்லை. அத்தனை காலம் கியர் போட்டு, குலுங்கிக் குலுங்கி இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருந்தது தேய்ந்து போயிற்று. கால் மணி நேரத்துக்கு மேல் வண்டியில் உட்காரக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கூடத்தில் பலகைக் கட்டில் போட்டாயிற்று. வேன் ஓட்டினவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

இந்த நிலைமையில் கோட்டையில் கூட வேலை பார்த்தவர்கள் அவளுக்குப் பிரிவுபசாரம் என்று ஒரு உறையைக் கையில் கொடுத்தார்கள். உள்ளே அந்த ஒரு நாள் சுற்றுலாவுக்கு இரண்டு டிக்கெட்டுகள். நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள், பாவம். வீட்டுக்கு வந்து அதை அவரிடம் காட்டினாள்.

“நான் போகலைங்க. உங்களை விட்டுட்டு எனக்கென்ன ஊர் சுத்தல்?”

“அதான் சரி” என்றார் அவர், ரொம்ப வேகமாக. “அங்க இப்ப ஒண்ணும் இல்ல. எல்லாம் இடிஞ்சு போயிருக்கும். வெயில் வேற.”

அந்த வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று அவள் சொன்னால் அது வேறு. அவர் எப்படிச் சொல்லலாம்? இரண்டு நாள் அவர் மழை வரும் என்றார், வேனில் பிரேக் சரியில்லை என்றார், தனக்கு முதுகு கூடுதலாக வலிக்கிறது என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். தான் போக முடியாததைப் பெண்டாட்டி மட்டும் பார்ப்பதா என்று மனுஷனுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் ரோஷம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மூன்றாவது வரிசை ஜன்னலில் போய் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து சீட்டில் தன் பையை வைத்துக்கொண்டாள். அதற்கும் டிக்கெட் இருக்கிறதே.

ஓடுகிற வேனில் அந்த ஜன்னல் வழியாக அவள் வெளியே பார்ப்பது அதுதான் முதல் தடவை. மரங்கள் நகர்ந்தன. உடனே அவர் ஞாபகம் வந்தது, ஏன் ரோஷப்பட்டோம் என்று இருந்தது.

கோபுரத்துக்கு நாற்பத்தொரு படி. அதற்கு மேல் இரும்புக் கதவு, பூட்டு. மறந்துபோயிருப்பார் என்று கீழே வந்து வழிகாட்டிப் பெண்ணைக் கேட்டாள்.

“இதை எப்பம்மா பூட்டினாங்க?”

“நான் வேலைக்கு வந்ததுலேருந்தே பூட்டிதான் இருக்கு. எப்படியும் முப்பது வருஷம் இருக்கும்னு சொல்வாங்க.”

“மேலேருந்து கடல் தெரியுமாமே?”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “கடலா? அது அந்தப் பக்கம் எத்தனையோ மைல் தூரம்மா.”

பாலத்தில் போய் நின்று, மற்றவர்கள் முன்னே நடக்கட்டும் என்று காத்திருந்து, கை தட்டினாள். ஒன்றும் வரவில்லை. பலமாகத் தட்டினாள். தண்ணீர் சும்மா கிடந்தது. முன்னே போனவர்களில் இரண்டு பேர் தங்களைத்தான் கூப்பிடுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. பத்தொன்பது வருஷம் காதில் பூ சுற்றியிருக்கிறார் இந்த மனுஷன். ஏழு தடவையாம், எண்ணினாராம். அப்படியென்றால் இவர் இங்கே வந்து என்ன பார்த்தார்? யாரோடு என்ன செய்துகொண்டிருந்தார்? வீட்டுக்குப் போனதும் நறுக்கென்று நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று வேனுக்குத் திரும்பினாள்.

மற்றவர்கள் இன்னும் வரவில்லை. புது டிரைவர், நாற்பது வயது இருக்கும், படியில் உட்கார்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வந்த கோபத்தில் அவரிடமே ஆரம்பித்தாள்.

“ஏங்க, அந்தப் பாலத்துல எதிரொலி கேக்குமா, கேக்காதா?”

“எனக்கென்னம்மா தெரியும்? நான் பாத்ததில்லயே.”

“ஒரு வருஷமா நீங்கதானே வண்டியைக் கொண்டு வரீங்க?”

“வரேன். வந்து இங்கதான் உக்காந்திருப்பேன்.” அவர் கட்டைவிரலால் பின்னால் காட்டினார். “எல்லாரும் பையை உள்ள வச்சிட்டுப் போறாங்க இல்ல? அதை யாரு பாக்கறது? டிரைவர் வண்டியை விட்டு அசையக் கூடாது. முதலாளி முதல் நாளே சத்தியம் வாங்கிட்டுத்தான் சாவியைக் குடுப்பாரு. ஆதியிலேருந்து இதான் சட்டம்.”

டோக்கன் அக்கா வேனுக்குள் பார்த்தாள். இருபது பைகள் சீட்டுகளில் கிடந்தன. ஒன்றில் ஈரத்துணி, ஒன்றில் பழம். அவளுடைய பையும் புருஷனுக்கான பக்கத்து சீட்டில் இருந்தது. காலையில் அவளும்தான் வைத்துவிட்டு இறங்கினாள்.

பையைப் பற்றி அந்த ஊரிலேயே அதிகம் தெரிந்தவள் அவள். கை வீசிக்கொண்டு ஒருவர் உள்ளே போனால், வாசலில் இன்னொருவர் பைகளோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது இருபத்தாறு வருஷம் அவள் செய்த வேலை. ஆனால் ஒரு திங்கட்கிழமைகூட, நீங்க மேல ஏறினப்ப பையெல்லாம் யார்கிட்ட இருந்துச்சு என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

கோபம் போன இடம் தெரியவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். யாராவது கேட்டால் தூசி என்று சொல்லத் தயாராக இருந்தாள், யாரும் கேட்கவில்லை. பத்தொன்பது வருஷம் அந்த மனுஷன் பார்க்கிங்கில் உட்கார்ந்து, திரும்பி வருகிறவர்கள் பேசுவதைப் பொறுக்கி, போதாததற்குத் தானே கொஞ்சம் சேர்த்து, திங்கட்கிழமைக்காக மூட்டை கட்டியிருக்கிறார். கடலைப் பார்க்க அவருக்குத்தான் எவ்வளவு ஆசை இருந்திருக்கும்! இப்போது வீட்டில் படுத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்துவிட்டிருக்குமே என்று மின்விசிறியைப் பார்த்துக் கூனிக்குறுகிக்கொண்டிருப்பார்.

போய் என்ன சொல்வது? அங்கே ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அத்தனை திங்கட்கிழமையும் பொய் என்று ஆகிவிடும். வேன் குளியல் மண்டபத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் முடிவு செய்துவிட்டாள். எல்லாம் இருந்தது என்று சொல்லிவிட வேண்டியதுதான். ஆனாலும் மண்டபத்துக்குள் நடக்கும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள், தூணை எண்ணினாள். தனக்காக இவ்வளவு கவனமாக அவள் எதையுமே பார்த்ததில்லை.

ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்கவில்லை.

“வந்துட்டியா?”

“வந்துட்டேன். சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு.” அவர் கண்ணைத் திறந்தார். “பாத்தியா எல்லாம்?”

“பாத்தேனே. நீங்க சொன்னது அப்படியே இருக்கு. கோபுரத்துலேருந்து கடல் தெரிஞ்சுது. பாலத்துல கை தட்டினேன், ஏழு தடவை கேட்டுச்சு.”

இதைச் சொன்னால் அவர் முகம் மலரும் என்று அவள் நினைத்தாள். அவருக்கோ உதடு கோணிக்கொண்டு போயிற்று. சின்னக் குழந்தையிடம் இருந்த ஒன்றைப் பிடுங்கினால் ஆகுமே, அப்படி ஆயிற்று.

“பொய் சொல்லாத” என்றார். “ஏழெல்லாம் கேக்காது. அது நான் சும்மா சொன்னது.” பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நான் எங்கயும் இறங்கினதே இல்ல. ஒரு இடம்கூடப் பாத்ததில்ல. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

“தெரியும். அந்த டிரைவர் சொன்னாரு.”

“கோவமா?”

“பாலத்துல நிக்கறப்ப இருந்துச்சு. பைத்தியம் மாதிரி நாலு பேர் நடுவுல கை தட்ட வச்சிட்டீங்களே!”

அவர் சிரிக்கப் பார்த்தார், முதுகு விடவில்லை. வலி அடங்கியபின் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் போய்விட்டிருந்தது. வேறு ஒன்று இருந்தது. திங்கட்கிழமைகளில் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து அவள் அவரைப் பார்த்த பார்வை அது.

“நிஜமாவே பாத்ததைச் சொல்றியா?” என்றார். “அந்தக் குளியல் மண்டபம். வண்டி நிறுத்தற இடத்துலேருந்து ஒரு மண் பாதை போகும், ஒரு பெரிய மரம் வரைக்கும். அங்க வலது பக்கம் திரும்பிடும். அதுவரைக்கும் எனக்குத் தெரியும். போறவங்க எல்லாம் அந்த மரத்துக்கிட்ட மறைஞ்சிடுவாங்க. திரும்பி வர ஒரு மணி நேரமாகும். அந்த மரத்தையே எத்தனை வருஷம் பாத்திருப்பேன், தெரியுமா? திரும்பினா அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எனக்கு…”

அவள் விளக்கைப் போடக்கூட எழுந்திருக்கவில்லை. கட்டிலின் விளிம்பில் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

“சரி, இறங்குங்க” என்றாள்.

“பையெல்லாம்?”

“இருக்கட்டும். யாரும் எடுக்க மாட்டாங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“மரம் வந்தாச்சு. வலது பக்கம் திரும்பறோம்” என்றாள் அவள். “இங்க ஒரு இறக்கம் இருக்கு, கல்லெல்லாம் ஆடுது. கையைப் புடிச்சுக்குங்க.”